என்ர பேர் வைச்ச ஹொஸ்ரா

மே மாசம் பிறந்தால் எனக்குக் கார்டன் சென்ரர் பக்கம் போகப் பிடிக்காது. போகாமலும் இருக்க ஏலாது. மகளுக்கு வாசலில வைக்கப் பூக்கண்டு வேணும், மனுசனுக்குத் தக்காளிக் கண்டு வேணும், ரெண்டு பேருக்கும் வண்டில் தள்ள நான் வேணும். நிழலில வளருற செடியளை அடுக்கி வைச்சிருக்கிற மேசை கிட்ட வந்ததும் என்ர கால் தானாக் கெதிப்படும். அந்த மேசையில, இலை வடிவுக்கெண்டே வளர்க்கிற ஹொஸ்ராச் செடியள் பச்சையும் நீலப்பச்சையுமாய் நிக்க, அதுகளுக்கு நடுவில, ஒண்டு மட்டும் தனிச்சுத் தெரியும். இலையின்ர நடு முழுக்கப் பொன் நிறம். ஓரத்தில ஒரு விரல் அகலத்துக்குக் கரும்பச்சை. சட்டிக்குள்ள குத்தியிருக்கிற லேபலில என்ர பேர் இருக்கும்.

என்ர பேரேதான். அப்பா சாத்திரியாரிட்டை எழுத்துக் கேட்டு வைச்ச பேர். அதுக்குப் பின்னால ‘கோல்ட்’ எண்டு ஒரு வாலையும் ஒட்டி வைச்சிருக்கினம். அந்தப் பேரை இங்க எழுதமாட்டன். எழுதினால் நாளைக்கே ஆரும் போன் எடுத்து வாழ்த்துச் சொல்லுவினம், எனக்கு அந்தக் கோதாரி வேண்டாம். ஒருக்கா வரிசையில எனக்கு முன்னால நிண்ட ஒரு வெள்ளைக்காரி லேபலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, இதை எப்பிடி வாசிக்கிறது எண்டு என்னட்டையே கேட்டாள். தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். மகள் காரடிக்கு வந்து சேருமட்டும் இங்கிலிஷில என்னைப் பொரிஞ்சு தள்ளினாள்.

அவளுக்கு நான் ஏன் இப்பிடி நடக்கிறன் எண்டு விளங்குறேல்லை. மனுசனுக்கு அதைவிட விளங்குறேல்லை. ஒரு செடிக்குத் தன்ர பேர் வைக்கிற பாக்கியம் எங்கட ஆக்களில எத்தினை பேருக்குக் கிடைச்சிருக்கு எண்டு வீட்டுக்கு வாற போற எல்லாருக்கும் அளந்துகொண்டு இருப்பார். நான் ரீ போடுற சாட்டில குசினிக்குள்ள போயிடுவன். அந்தச் செடியைக் கண்டுபிடிச்சது நானில்லை. கண்டுபிடிச்சவ ஒரு அக்கா. பதினைஞ்சு வருசத்துக்கு மேல என்ர மனசு அவவைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒரேயொருக்கா அவவுக்கு முன்னால இருந்து, அது உங்கட செடி, நான்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன் எண்டு சொல்லிப்போட வேணும். அதைத் தவிர எனக்குப் பெரிய ஆசையள் இருக்கேல்லை.

அக்கா எண்டால் கூடப்பிறந்தவ இல்லை. வேலைக்குப் போற வானில பின் சீற்றில எனக்குப் பக்கத்தில இருந்தவ. கனடாவுக்கு வந்த முதல் வருசம் பார்க்டேலில மனுசனின்ர தமையன் வீட்டு ஹோலில படுத்தெழும்பிப்போட்டு, பிறகு ஸ்காபரோவுக்கு வந்து ஏஜென்சியில பேர் குடுத்தன். ஒஷாவாவையும் தாண்டி ஒரு கிறீன்ஹவுஸில வேலை எண்டு சொல்லிச்சினம். வான் ஓட்டுற அண்ணை ஒரு டோனட் கடை வாசலில எங்கள் எல்லாரையும் ஏத்துவார். முதல் நாள் நான் ஏறின உடன அவ தன்ர சாப்பாட்டுப் பையை மடியில தூக்கி வைச்சு எனக்கு இடம் விட்டா. எனக்கு அப்ப இருபத்தாறு வயது, அவவுக்கு முப்பத்துநாலு. அவ மன்னார், வேதக்காரர். நான் வலிகாமம், வெங்காயத் தோட்டக்காரரின்ர மகள்.

வெள்ளிக்கிழமையில நான் மச்சம் தின்னுறேல்லை. என்ர மரக்கறிச் சோத்தை எட்டிப் பார்த்திட்டு, உங்கட கடவுளுக்கு நாக்குச் செத்துப்போச்சோடி எண்டு கேட்பா. தவக்கால வெள்ளியில இறைச்சி தின்னமாட்டா, ஆனால் மீன் பொரியல் மட்டும் பெட்டி நிறைய இருக்கும். உங்கட கடவுளுக்கு மீன் மரக்கறியோ அக்கா எண்டு நான் கேட்பன். ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு, மற்றப் பெண்டுகள் எங்களுக்கு விசர் எண்டு நினைக்கிற அளவுக்குப் போயிடும். எனக்கெண்டு வியாழக்கிழமையில ஒரு துண்டு பொரியலைக் கூடப் போட்டுக்கொண்டு வருவா. வெள்ளிக்கும் சேர்த்து இண்டைக்கே தின் எண்டுவா.

அவவுக்கு ரெண்டு பெண் பிள்ளையள். மன்னாரில தன்ர தாயோட விட்டிட்டு வந்தவ. புருசன் இல்லை. அதைப்பற்றி அவ கதைக்கிறேல்லை, நான் கேட்கிறேல்லை. அகதிக் கேஸ் முடிஞ்சால்தான் பிள்ளையளைக் கூப்பிடலாம். கேஸ் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. என்ர கேஸ் அதுக்குள்ள சரிவந்திட்டுது. அதைச் சொல்லக்கூட எனக்கு அவவுக்கு முன்னால கூச்சமாய் இருந்தது.

வேலை என்ன எண்டால், லாப்பில இருந்து குழந்தைக் கண்டுகள் தட்டுத் தட்டாய் வரும். ஒரு ஹொஸ்ராவின்ர முளையைக் கிள்ளிப் போத்தலுக்குள்ள வளர்த்து, அதிலயிருந்து ஆயிரக்கணக்கில பிரிச்சு எடுப்பினமாம். எல்லாம் அச்சில வார்த்தது கணக்கா ஒரே மாதிரி இருக்க வேணும். நாங்கள் அதுகளைச் சட்டியில மாத்தி நட வேணும். நடேக்க, எது மற்றதைப்போல இல்லையோ அதைப் பிடுங்கி மேசைக்குக் கீழ இருக்கிற வாளிக்குள்ள போட வேணும். இலை சுருண்டது, வெளிறினது, கோடு விழுந்தது எல்லாம் வாளிக்குத்தான். யோசிக்கக் கூடாது, பார்த்த உடன போட வேணும் எண்டு சொல்லித் தந்தவை. எனக்கு அந்த வேலை நல்லாய்ப் பிடிச்சுது. வாளி நிறைஞ்சால் வேலை நடக்குது எண்டு அர்த்தம்.

அண்டைக்கு மார்ச் மாசம். வெளியில பனி குவிஞ்சு கிடக்கு, உள்ளுக்குள்ள எங்களுக்கு வேர்த்து ஊத்துது. நீலப்பச்சை இலை ஹொஸ்ரா நட்டுக்கொண்டு நிக்கிறம். என்ர தட்டிலதான் அது வந்தது, அதை நான் மறைக்கேல்லை. மூண்டே மூண்டு இலை, நடுவில மஞ்சள். தோட்டக்காரன்ர மகளெல்லோ, எனக்கு எல்லாம் தெரியும். வெங்காயத்தாள் மஞ்சளானால் யூரியா காணாது எண்டு அப்பா சொல்லுறதைக் கேட்டு வளர்ந்தவள். சத்தில்லாத கண்டு எண்டு ஒரு முடிவெடுத்து வாளிக்குள்ள எறிஞ்சிட்டு அடுத்ததை எடுத்தன்.

அக்கா குனிஞ்சு வாளிக்குள்ள கையை விட்டா. அந்தக் கண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, மேல வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தா. “இது வருத்தமில்லையடி. இலை விறைப்பா நிக்குது பார். இதின்ர நிறமே இதுதான்” எண்டா. பிறகு சுத்திவரப் பார்த்திட்டு, தன்ர தயிர்ப் பேணியைக் கழுவி, ஆணியால அடியில ஓட்டை போட்டு, அதுக்குள்ள நட்டா. கடைசி மேசைக்குப் பின்னால சுடுதண்ணிப் பைப் போற இடத்தில, ஒருத்தரும் எட்டிப் பார்க்காத மூலையில, அந்தப் பேணி போய் இருந்தது.

அதுக்குப் பிறகு எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு எண்டால் அஞ்சு நிமிசத்தில முடியும். மிச்ச நேரம் முழுக்க அதுக்குக் கிட்ட. நாலாவது இலை சுருள் விரிச்ச அண்டைக்கு அவ என்னைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினா. நடு மஞ்சள் இல்லை, பொன். ஓரத்துப் பச்சை நேர்த்தியாய், ஒரு இடத்திலயும் கலங்காமல் ஓடியிருந்தது. நான் ஒளிச்சுக் கொஞ்சம் உரம் போட்டன். அதைக் கண்டிட்டு, வருத்தமில்லாத பிள்ளைக்கு ஏன்டி மருந்து பருக்கிறாய் எண்டு ஏசினா. மே மாசம் வாற மூண்டு நாள் விடுமுறைக்கு அதைச் சாப்பாட்டுப் பைக்குள்ள வைச்சு வீட்டை கொண்டு போறதுதான் அவவின்ர திட்டம். அவ இருந்தது ஒரு வீட்டின்ர பேஸ்மென்றில. வீட்டுக்காரனைக் கேட்டு, வெயில் படாத பக்கத்தில ஒரு கை அகல மண்ணுக்கு அனுமதியும் வாங்கி வைச்சிருந்தா. களவாய்க் கொண்டுவந்து வைக்கிற கண்டுதான் நல்லாய்ப் பிடிக்கும் எண்டு எங்கட ஊர்வழிய எல்லாரும் நம்புறதுதானே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இந்த நாட்டில எனக்கெண்டு முதல் முதல் கிடைச்ச சாமான் இது எண்டு ஒருநாள் சிரிக்காமலும் சொன்னா.

விடுமுறைக்கு ஒரு கிழமை இருக்கேக்க பைப் திருத்த ஆக்கள் வந்தினம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறம், முதலாளி அந்தத் தயிர்ப் பேணியை உள்ளங்கையில வைச்சுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள்ள வாறார். நெடுவலான மனுசன், சிரிக்கிறாரோ கோவிக்கிறாரோ எண்டு முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. இதை ஆர் கண்டது, ஆர் அங்க வைச்சது எண்டு கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தன். அவவின்ர முகத்தில ரத்தமில்லை. எனக்கு உடன விளங்கிச்சுது. குப்பைக்குப் போட வேண்டியதை ஒளிச்சு வைச்சது களவு. களவெண்டால் பொலிஸ். பொலிஸ் எண்டால் கேஸ் கவிண்டுது. கேஸ் கவிண்டால் அந்த ரெண்டு பிள்ளையளும் மன்னாரிலதான். சின்னக் குற்றம் எண்டாலும் எல்லாத்தையும் கெடுத்துப்போடும் எண்டு லோயரோட வந்த மொழிபெயர்ப்பாளர் அவவை வெருட்டி வைச்சிருந்தவர். என்னை எண்டால் வேலையால நிப்பாட்டலாம், திருப்பி அனுப்ப ஏலாது. நான் எழும்பினன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில, நான்தான் கண்டனான், நான்தான் ஒளிச்சு வைச்சனான், வேற ஒருத்தருக்கும் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னன்.

முதலாளி சிரிக்கத் தொடங்கினார். என்ர தோளில தட்டினார். நல்ல கண் உனக்கு எண்டார். பேணியைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார். நாங்கள் வளர்ந்த இடத்தில, அதிகாரத்தில இருக்கிறவன் ஒரு சாமானைத் தூக்கிக் காட்டி இது ஆர் எண்டு கேட்டால் அது நல்லதுக்கில்லை. பாராட்டுறதுக்காக ஒருத்தன் அப்பிடிக் கேட்பான் எண்டு எங்கட ரெண்டு பேரின்ர புத்திக்கும் எட்டேல்லை. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டன், அவர் அதைக் கண்டுபிடிப்பு எண்டு எழுதிக்கொண்டு போனார்.

திரும்பி வரேக்க வானில அக்கா என்ர கையைப் பிடிச்ச பிடி விடேல்லை. அழுதுகொண்டு வந்தா. எனக்காக இப்பிடி ஒருத்தர் எழும்பி நிண்டதில்லையடி எண்டா. செடி போனதுக்கு அவ ஒரு சொல் சொல்லேல்லை. அடுத்த நாள் எனக்கு நண்டுக் கறி கொண்டு வந்தா. உண்மையைச் சொன்னால், என்ர வாழ்க்கையில நான் நல்ல மனுசியாய் இருந்த நாள் எண்டு நான் நினைக்கிறது அந்த நாளைத்தான்.

செடி முதலாளியின்ர சொந்தக் கண்ணாடி வீட்டுக்குப் போச்சுது. என்னை மட்டும் இடைக்கிடை உள்ள விட்டுக் காட்டுவார். பொன் இலைக்காரிக்குப் பலம் குறைவாம், மெல்ல மெல்லத்தான் வளருமாம். விட்டால் அடியில இருந்து பழையபடி முழுப்பச்சை முளை கிளம்பி, கெதியா வளர்ந்து, பொன்னை அமத்திப்போடுமாம். பச்சை முளையைக் கண்ட உடன வேரோட வெட்டி எடுக்க வேணும். இப்பிடிச் சில வருசம் வளர்த்து, நிறம் மாறாமல் நிக்குது எண்டு நிச்சயப்பட்டால்தான் லாப்புக்கு அனுப்பிப் பெருக்கலாம், பேர் வைக்கலாம். ஹொஸ்ராவின்ர பூர்வீகம் ஜப்பான் பக்கம் எண்டும், இப்ப இருக்கிற விதம் விதமான இலையளில கனக்க இப்பிடி ஆரோ ஒரு ஆள் ஒரு தட்டில தற்செயலாய்க் கண்டதுதான் எண்டும் சொன்னார். நான் கேட்டதை எல்லாம் வந்து அக்காவுக்குச் சொல்லுவன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பா. எத்தினை முளை இப்ப, பச்சை வந்ததோ, வெட்டினவையோ எண்டு. சொந்தக்காரப் பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தால் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பா. நீங்களும் வந்து பாருங்கோ, நான் கேட்டு விடுறன் எண்டால் வேண்டாம் எண்டிடுவா.

ரெண்டாம் வருசம் அவவின்ர கேஸ் சரிவந்துது. நாலாம் வருசம் பிள்ளையள் ரெண்டு பேரும் வந்து இறங்கினதுகள். விமான நிலையத்துக்கு நானும் போனனான். பயப்பட இனி ஒண்டுமில்லை.

ஆறாம் வருசம், செப்டெம்பர் மாசம், சீசன் முடிஞ்ச சாப்பாடு. கூடாரம் அடிச்சு, மைக் வைச்சு, நூறு பேருக்குக் கிட்ட நிக்கினம். முதலாளி மைக்கைப் பிடிச்சார். அடுத்த வருசம் ஒரு புது ஹொஸ்ரா கடைகளுக்குப் போகுது, இந்தக் கிறீன்ஹவுஸில பிறந்தது, அதைக் குப்பையில இருந்து காப்பாத்தின ஆளின்ர பேரையே அதுக்கு வைக்கிறம் எண்டார். பிறகு என்ர பேரைச் சொன்னார். ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார். வான் ஓட்டுற அண்ணையிட்டை ஒரு கிழமையாச் சொல்லிப் பழகினவராம். இந்த நாட்டுக்கு வந்ததில இருந்து என்ர பேரைக் கடிச்சுத் துப்பாமல் சொன்ன முதல் வெள்ளைக்காரன் அவர்.

எல்லாரும் கை தட்டிச்சினம். நான் முன்னுக்குப் போனன். மைக்கை என்னட்டைத் தந்தார். ஒரு வசனம் காணும். இது நானில்லை, அந்தா நிக்கிறா, அவதான் எண்டு கை காட்டினால் முடிஞ்சுது. அவவுக்கு இனி ஒரு ஆபத்தும் இல்லை, எனக்கும் இல்லை. அந்த வசனம் இங்கிலிஷில எனக்கு வரும். வாய் திறந்து, தாங்க் யூ எண்டு மட்டும் சொன்னன்.

ஏன் எண்டு இத்தினை வருசமா என்னை நானே கேட்டுப் பார்த்திட்டன். இங்கிலிஷ் வரேல்லை எண்டு ஒரு காலம் சொன்னன். முதலாளிக்கு முகம் கறுக்கும் எண்டு ஒரு காலம் சொன்னன். எல்லாம் பேய்க்கதை. எனக்குச் சந்தோசமாய் இருந்தது, அவ்வளவுதான். என்ர பேர், என்ர கை, எல்லாரும் என்னைப் பார்க்கினம். முதல் பொய்யை அவவுக்காகச் சொன்னன். ரெண்டாம் பொய் எனக்காக.

முதலாளி எனக்கு ரெண்டு சட்டி தந்தார். ஒண்டை அக்காவுக்குக் குடுத்திருக்கலாம். அவவுக்குத் தோட்டம் இல்லைத்தானே எண்டு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லி, ரெண்டையும் என்ர வளவில வைச்சன். அண்டைக்கு வானில பக்கத்தில இருந்துகொண்டு அவ சட்டியைக் குனிஞ்சு பார்த்தா. வடிவான பேர்தான் எண்டா. நான் ஓம் எண்டன். அந்த ஓம் இண்டைக்கும் என்ர தொண்டைக்குள்ள நிக்குது.

நாங்கள் சண்டை பிடிக்கேல்லை. எங்கட சனம் கலியாண வீட்டில முன் வரிசை குடுக்கேல்லை எண்டதுக்கு முப்பது வருசம் முகம் பாராமல் இருக்கும். எங்களுக்குள்ள அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. அவவின்ர மூத்தவளுக்கு விமான நிலையத்தில வேலை கிடைச்சுது, ரெக்ஸ்டேலுக்கு வீடு மாறிச்சினம், அவவும் அங்கயே ஒரு சமையல் கூடத்தில சேர்ந்தா. முதலில கிழமைக்கு ஒருக்கா போன். பிறகு நத்தாருக்கும் பொங்கலுக்கும். பிறகு நான் எடுத்தால் அந்த நம்பர் வேலை செய்யேல்லை. ஆரையும் பிடிச்சு விசாரிச்சிருந்தால் கண்டுபிடிச்சிருக்கலாம். கண்டுபிடிச்சால் சொல்ல வேணுமே எண்டு பயந்து விசாரிக்காமல் விட்டன். சொல்ல வேணும் எண்டும் துடிப்பு, சொல்லப் பயமும் அதே அளவு.

கிறீன்ஹவுஸில இன்னும் கனகாலம் வேலை செய்தன். பக்கத்து சீற்றில ஆர் ஆரோ இருந்தினம். ஒருத்தரோடயும் எனக்கு அந்தச் சிரிப்பு வரேல்லை. வெள்ளிக்கிழமையில சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கேக்க ஒரு கேலியும் கேட்காமல் சாப்பிடுறது எவ்வளவு பெரிய தண்டனை எண்டு ஆருக்குச் சொல்ல. ஒவ்வொரு மே மாசமும் பனி கரைஞ்ச மண்ணில இருந்து அந்தக் கூர் முளையள் கிளம்பும். நான் முழங்காலில இருந்து பச்சை முளையைத் தேடித் தேடி வெட்டுவன். இலை விரிஞ்சு பொன் ஏறேக்க, பொல்லாத வடிவு. அந்த வடிவைப் பார்க்கிற நேரமெல்லாம், இதைப் பார்க்க வேண்டிய ஆள் இங்க இல்லை எண்டுதான் நினைப்பு வரும். மனுசன் யன்னலுக்கால பார்த்திட்டு, உனக்கு உன்ர பேரில என்ன பக்தி எண்டு பகிடி பண்ணுவார்.

போன வருசம் ஜூன் மாசம் அந்த வான் ஓட்டின அண்ணை மோசம் போயிட்டார். உடம்பைப் பார்வைக்கு வைச்ச இடத்தில பழைய வேலையாக்கள் நாலைஞ்சு பேர் வந்திருந்தினம். அதில ஒருத்தி, அக்கா இன்னும் ரெக்ஸ்டேலிலதான், ரெண்டாவது மகளோட பதினோராம் மாடியில இருக்கிறா எண்டாள். முகவரியும் தந்தாள். வீட்டை வந்து உடுப்பு மாத்தாமல் அப்பிடியே பின் வளவுக்குப் போனன்.

ஹொஸ்ராவை ரெண்டாப் பிளக்க மண்வெட்டி வேண்டாம், பாண் வெட்டுற கத்தி காணும். கிழங்கை மண்ணோட தூக்கி, நல்ல பொன் முளையள் இருக்கிற பக்கத்தை வெட்டி எடுத்து ஒரு சட்டியில நட்டன். லேபல் வைக்கேல்லை. மனுசன் காரில கொண்டு போய் விடுறன் எண்டார். வேண்டாம், இதுக்கு நான் தனியத்தான் போக வேணும் எண்டிட்டு பஸ்ஸும் ரெயினும் பஸ்ஸுமாய் ரெண்டு மணித்தியாலம் சட்டியை மடியில வைச்சுக்கொண்டு போனன். பக்கத்தில இருந்தவள் இலையைத் தொட்டுப் பார்த்து வடிவாய் இருக்கு எண்டாள். ஓம் எண்டு சொல்லவும் எனக்குப் பயமாய் இருந்தது.

கதவைத் திறந்தது அவதான். தலை முழுக்க நரைச்சுப்போச்சு. என்னைப் பார்த்தா, சட்டியைப் பார்த்தா. “வாங்கோ, உள்ள வாங்கோ” எண்டா. வாடி எண்டு கூப்பிட்ட வாய். ரீ போட்டுத் தந்தா, பிள்ளையள் எப்பிடி எண்டு கேட்டா, சீனி காணுமோ எண்டு கேட்டா. வீட்டுக்கு வந்த ஆருக்கும் செய்யிற உபசாரம்.

கோப்பையை வைச்சிட்டு ஒரே மூச்சில சொல்லிப்போட்டன். அது உங்கட செடி அக்கா. வாளியில இருந்து எடுத்தது நீங்கள். முதல் தரம் நான் பயத்தில சொன்னது. ரெண்டாந்தரம் எனக்கு ஆசையில வாய் மூடிப்போச்சு. மைக் என்ர கையில இருந்தது, நான் சொல்லேல்லை. இவ்வளவு காலம் உங்களைத் தேடி வராமல் விட்டதும் அந்த வெக்கத்திலதான். சொல்லி முடிக்கேக்க எனக்கு மூக்கால ஓடுது, துடைக்க லேஞ்சியும் இல்லை.

அவ ரிஷூக் கடுதாசிப் பெட்டியை என்ர பக்கம் தள்ளிவிட்டா. பிறகு, அண்டைக்கு வானில நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு வந்தனான் எண்டா. மைக்கில சொல்லாட்டியும் பரவாயில்லை, தனக்காவது சொல்லுவாள் எண்டு டோனட் கடை வாசல் வருமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாவாம். கோவமாய்ச் சொல்லேல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாய் இருந்தது.

எழும்பிச் சட்டியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனா. வடக்குப் பார்த்த பல்கனி, வெயில் இல்லை, அதுக்கு நல்ல இடம். நான் பின்னால போய், குளிருக்குச் சட்டியை அப்பிடியே விடக்கூடாது, பழைய போர்வையால சுத்த வேணும், பச்சை முளை வந்தால் உடன வெட்ட வேணும் எண்டு அடுக்கிக்கொண்டு போனன். தெரியும் எண்டா. திங்கட்கிழமை திங்கட்கிழமையாய்க் கேட்டதுதானே எண்டா. குனிஞ்சு ஒரு இலையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, நரம்பு வழியே விரலை ஓட்டிப் பார்த்தா. அந்தச் செடியை அவ தொட்டு இருபது வருசத்துக்கு மேல.

“நான் இதுக்கு ஒரு பேர் வைச்சிருந்தனான்” எண்டா. “நாலாவது இலை விரிஞ்ச அண்டைக்கே வைச்சிட்டன். ஒவ்வொரு நாளும் வாய்க்குள்ள அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறனான்.”

எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாள் மத்தியானமும் பக்கத்தில நிண்டனான், எனக்குத் தெரியாது. மைக்கில என்ர பேர் கேட்ட நேரம் அவவின்ர மனசுக்குள்ள வேற ஒரு பேர் இருந்திருக்கு. என்ன பேர் அக்கா எண்டு கேட்டன். அவ அடுத்த இலையைத் திருப்பிப் பார்த்தா. சொல்லுங்கோ அக்கா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டன். மூண்டாந்தரமும் கேட்டன், வெக்கமில்லாமல்.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா.

“அதையாவது எனக்கெண்டு விடடி” எண்டா.

நான் பிறகு கேட்கேல்லை.